குடலில் காவல்

சத்யப்ரியா பேசிக் கேட்டவர்கள் பீர்க்கன்கரணையில் அதிகம் இல்லை. "கார்த்தி, உன் தங்கச்சிக்குப் பேச்சு வருமா, வராதாப்பா?" என்று எதிர்வீட்டு சரசு ஒருநாள் கேட்டேவிட்டாள். "வரும்க்கா, கரண்ட் மாதிரி. எப்ப வரும்னுதான் சொல்ல முடியாது" என்றான் கார்த்தி.

அப்படிப்பட்டவள் கையில், பொங்கலுக்கு முந்தின வாரத்து ஞாயிற்றுக்கிழமை, பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தில், பாதி சென்னையும் மூட்டை முடிச்சோடு ஊருக்குக் கிளம்பி நிற்கிற நேரத்தில், ஒரு மைக்கைக் கொடுத்துவிட்டார்கள்.

கொடுத்தது நர்ஸ் வேதசிரோமணி. அன்றைய போலியோ சொட்டு மருந்து முகாமுக்கு அவர்தான் பொறுப்பு. மேசை வந்துவிட்டது, பெரிய குடை வந்துவிட்டது, ஐஸ் அடைத்த மருந்துப் பெட்டி வந்துவிட்டது, மருந்து போட்டதும் சுண்டுவிரலில் வைக்கிற மையும் வந்துவிட்டது. அறிவிப்புச் செய்ய வேண்டிய குப்புராஜ் மட்டும் வரவில்லை. போன் செய்தால் காற்றுதான் வந்தது. அவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று அவர் மனைவி போனை வாங்கிச் சொன்னாள்.

"சிஸ்டர், என்னால முடியாது" என்றாள், முகாமுக்கு உதவ வந்திருந்த சத்யா.

"என்னம்மா? முடியும்ங்கறியா? வெரி குட்!" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் அடுத்த குழந்தையின் தாடையைப் பிடிக்கப் போய்விட்டார்.

மைக் செட் கார்த்தியுடையது. கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதக் கூழ் என்று எதற்கும் வாடகைக்கு விடுவான். அதன் ஸ்பீக்கரின் வாய் போன வருஷமே கிழிந்து, அவன் அதற்குப் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தான். அதில் பேசினால் யார் குரலும் சளி பிடித்த குரலாகத்தான் கேட்கும். "அதனால என்ன, உனக்கு நல்லதுதானே? பேசறது நீதான்னு ஒருத்தருக்கும் தெரியாது" என்று ஊன்றுகோலைக் கக்கத்தில் சரிசெய்துகொண்டே தங்கைக்குத் தைரியம் சொன்னான்.

சத்யா மைக்கை எடுத்துக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அங்கேதான் பச்சையம்மா கடை போட்டிருந்தாள். கோவளத்துக் குப்பத்திலிருந்து முதல் வண்டியில் மீன் கொண்டுவந்து, அருவாமனையைக் காலடியில் இடுக்கி, கொடுவாய் மீனை வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இறால் கூடையோடு கிளியம்மாள். இருவருக்கும் நடுவே, கவிழ்த்துப்போட்ட ஐஸ் பெட்டியின் மேல் ராஜா மாதிரி பச்சையம்மாவின் மகன் தீனா உட்கார்ந்திருந்தான். இரண்டு வயதும் கொஞ்சமும். சுண்டுவிரலில் மை இல்லை.

மை இல்லாத அந்த விரலைப் பார்த்ததும் சத்யாவுக்குக் கூச்சம் பாதி போய்விட்டது. மீதிப் பாதியோடு கேட்டாள்.

"அக்கா, தம்பிக்கு சொட்டு மருந்து..."

"இன்னா?"

"சொட்டு மருந்து."

"அதான் முன்னாடியே போட்டாச்சே." பச்சையம்மா வெட்டுவதை நிறுத்தவில்லை. "ஒரே மருந்த எத்தினி வாட்டிதான் ஊத்துவீங்கோ? இவன் இன்னா துளசிச் செடியா, தெனம் ஊத்த?"

கிளியம்மாள் கெக்கெக்கே என்று சிரித்தாள். தீனாவும் எதற்கென்று தெரியாமல் சிரித்தான்.

"இல்லக்கா, அது வந்து..."

"போன வாட்டி வவுத்தால போய்க்கினு இருந்த புள்ளைக்கு ஊத்துனாங்க. இன்னும் நாலு நாளு போச்சு. போதும்மா, வுடு. ஒருவாட்டி போட்டாச்சு."

ஒருவாட்டி போட்டாச்சு. சத்யா பிறப்பதற்கு முன்பிருந்தே அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும் வார்த்தை அது. கார்த்திக்கும் ஒருவாட்டி போட்டார்கள். அன்றைக்கு அவனுக்கும் வயிற்றுப்போக்கு. மறுபடி போடக் கூப்பிட்டபோது அம்மா, ஒருவாட்டி போட்டாச்சே என்று இருந்துவிட்டாள். கார்த்தியின் வலது கால் இப்போது முருங்கைக் காய் பருமன் இருக்கிறது. அம்மா அந்த வார்த்தையை இன்றைக்கும் சொல்லுவாள், வேறு குரலில்.

ஆகவே தீனாவுக்கு இன்று மருந்து போடாமல் வீட்டுக்குப் போவதில்லை என்று சத்யா அந்த ஸ்பீக்கர் பெட்டியின் பின்னாலேயே முடிவு செய்துவிட்டாள். ஆனால் பச்சையம்மாவின் முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. முகத்தைப் பார்க்காமல் அவள் காதுக்குச் சொல்ல வழி இருக்கிறதா என்றால், கையிலேயே இருந்தது.

சொல்ல வேண்டிய விஷயம் அவளுக்கு மனப்பாடம். பயிற்சி வகுப்பில் வேதசிரோமணி சிஸ்டர் சொன்னதிலிருந்து அதே நினைப்புத்தான். ஊசி போட்டால் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் ரத்தத்தில் நிற்கிறது. சொட்டு மருந்தோ வாய் வழியாகவே போகிறது, உண்மைக் கிருமி போகிற அதே பாதையில். அதற்குள் இருப்பதும் அதே கிருமிதான், பல்லைப் பிடுங்கிய கிருமி. அது குடலில் இறங்கி, கொஞ்ச நாள் தங்கி, குடலின் உள்சுவருக்குத் தன் முகத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அப்புறம் அந்தச் சுவரே தன் மேல் காவல் போட்டுக்கொள்கிறது. நிஜக் கிருமி வந்தால் அதைக் குடலில் கால் ஊன்ற விடாமல் அங்கேயே மடக்கும். இதைக் கேட்ட நாளிலிருந்து சத்யாவுக்கு யார் வயிற்றைப் பார்த்தாலும் உள்ளே காக்கிச்சட்டை போட்ட சின்னச்சின்ன ஆட்கள் வரிசையாக நிற்பதாகவே தோன்றியது. தான் சாப்பிடுகிற கத்தரிக்காயை அவர்கள் நிறுத்தி, எந்த ஊர், எங்கே போகிறாய் என்று விசாரிப்பார்களோ என்று நினைத்து, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தனியாகச் சிரித்து அம்மாவிடம் திட்டும் வாங்கியிருக்கிறாள்.

மைக்கை வாய்க்கு நேரே பிடித்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பயத்தில் அவளுக்குப் பாடப்புத்தகத் தமிழ்தான் வந்தது.

"அன்பார்ந்த பொதுமக்களே! சொட்டு மருந்து தருவது குடலில் காவல்! ஒருமுறை போட்டால் போதாது! போடப் போடக் குடலில் காவல் கூடும்! அரசின் இலவச மருந்து! குடலில் காவல்! குடலில் காவல்!"

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு என்பதை மறந்தே போனாள். அவள் மனதில் இருந்தது ஒரே ஒரு குழந்தை.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பக்கத்து வாயில் அது குடல் இல்லை, கொடலு. மீன் வெட்டுகிறவர்கள் நாள் முழுக்கக் கொடலு கொடலு என்றே சொல்லுவார்கள். குடல் என்பது ஏட்டில் இருக்கும் வார்த்தை, மீன் கூடையருகே வருவதில்லை. கார்த்தியின் ஸ்பீக்கர் வேறு முதலெழுத்தைப் பாதி விழுங்கியது. "திருச்சி திருச்சி", "வுழுப்பரம் பாண்டி பாண்டி" என்று கண்டக்டர்கள் மீதியை விழுங்கினார்கள். கடைசியில் கிளியம்மாளின் காதில் விழுந்து வாயில் வந்தது இதுதான்:

"யக்கா! கேட்டியா? கடல்ல காவலாம்!"

பச்சையம்மாவின் கை நின்றது. "இன்னாது?"

"கடல்ல காவலு. சொட்டு மருந்து. இலவசம். கவர்மெண்ட்டு குடுக்குது."

"கொழந்தைங்களுக்குப் போடறதாச்சே மே அது?"

"அது வேற, இது புதுசு. கொழந்த இன்னா கடலுக்கா போவுது? சுனாமிக்கு அப்பறம் கவர்மெண்ட்டு ஒண்ணு மாத்தி ஒண்ணு எதுனா குடுத்துக்கினுதான கீது? வழி காட்டுற டப்பா குடுத்தான், மெதக்கற சட்ட குடுத்தான், இப்ப மருந்து குடுக்கறான். போடப் போட காவலு ஏறுதாம்!"

பச்சையம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். அவள் புருஷன் துளசிங்கம் போன மாதம்தான் அலை அடித்து மீன்பிடிப் போட்டிலிருந்து விழுந்து, வலையைப் பிடித்துத் தொங்கிப் பிழைத்து வந்தவன். இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

"தா, எங்க கீற? ஐஸ் வண்டி இங்கதான வருது, அதுல ஏறி வா. ஆமா, நீயேதான். உன் தம்பிங்களையும் இட்டுக்கினு வா. மருந்து தீந்துட போவுது!"

பெட்டிக்குப் பின்னால் கண்ணை மூடிக் கத்திக்கொண்டிருந்த சத்யாவுக்கு இது எதுவும் தெரியாது. கத்தக் கத்த அவளுக்கு ஒரே குஷியாகிவிட்டது. தன் குரல் ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவதைக் கேட்டுத் தானே மெய்மறந்து, இன்னும் உரக்கக் கத்தினாள். கார்த்தி ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, தெருவில் போகிற யாரிடமோ "எங்க தங்கச்சிங்க அது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெயில் ஏறி வருகிற நேரத்தில் ஐஸ் வண்டி வந்து நின்றது. அதிலிருந்து ஐஸ் இறங்கவில்லை. ஆட்கள் இறங்கினார்கள். கட்டம் போட்ட லுங்கியும் கடல் காற்றில் கறுத்த தோளுமாக, மீசை மீசையாக இறங்கிக்கொண்டே இருந்தார்கள். இறங்கியவர்கள் நல்ல பிள்ளைகளாக முகாம் மேசைக்கு முன்னால் வரிசை கட்டினார்கள். இடுப்பில் குழந்தையோடு நின்ற இரண்டு மூன்று அம்மாக்கள் மிரண்டு ஒதுங்கினார்கள். வரிசையின் முதல் ஆள் துளசிங்கம். மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றி, தலையை அண்ணாந்து, கண்ணை மூடி, வாயை அகலத் திறந்தான்.

வேதசிரோமணி சிஸ்டர் அந்த வாயை ஒரு கிணற்றைப் பார்ப்பதுபோல எட்டிப் பார்த்தார். "என்னப்பா?"

"ஊத்தும்மா."

"கொழந்த எங்க?"

"கொழந்தைக்கு இன்னாத்துக்கு? நான்தான போறேன்?"

"எங்க போற?"

"கடலுக்கு!"

"அதுக்கு?"

"ஊத்து!"

பின்னாலிருந்து ஒருவர் அவசரப்பட்டார். "சிஸ்டர், நாஷ்டா துன்னுட்டு வந்துட்டேன், பரவால்லியா?"

"ஆந்திரா பக்கம் போனா வேல செய்யுமா, இல்ல இங்க மட்டுந்தானா?"

"எனக்கு நல்லா நீச்சல் தெரியும் சிஸ்டர். எனக்கு ஒரு சொட்டு போதும். இவன் கல்லு மாதிரி முழுவுவான், இவனுக்கு ரெண்டா ஊத்து."

"இஞ்சினுக்கு எத்தினி சொட்டு?"

சிஸ்டர் மருந்துப் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். "யாருய்யா உங்களுக்கு இதெல்லாம் சொன்னது?"

எல்லா விரலும் ஸ்பீக்கரைக் காட்டின. அதே நேரம் அது மறுபடி சளிக்குரலில் முழங்கியது. கண்ணை மூடிக் கேட்டால் சிஸ்டருக்கே அப்படித்தான் கேட்டது: கடலில் காவல்.

"சத்யா!"

சத்யா கண்ணைத் திறந்தாள். பெட்டிக்கு இந்தப் பக்கம் வந்தாள். வரிசையைப் பார்த்தாள். கார்த்தி ஊன்றுகோலின் மேல் சாய்ந்து, சத்தமே வராத சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தான். "கடல்ல காவல்னு சொன்னியாமே" என்று மூச்சு வாங்கினான். "குப்பமே வந்திருக்கு."

அவள் மைக்கை அணைத்து ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்தாள்.

"அப்ப இல்லியா?" என்றான் துளசிங்கம். திறந்த வாயை மூடியிருந்தான். முகம் மாறத் தொடங்கியது. "பொய்யா? தூங்கறவங்கள எழுப்பி இட்டாந்து வேடிக்க காட்றீங்களா? பச்ச! வா போலாம். மருந்து கிருந்து எதுவும் வாணாம், புள்ளைய தூக்கு!"

பச்சையம்மா அவமானத்தோடு எழுந்தாள். தீனாவை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். மை இல்லாத சுண்டுவிரல் அவள் தோளுக்கு மேல் ஆடியபடி வண்டிப் பக்கம் போனது.

போய்விட்டால் போனதுதான். இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் நம்ப மாட்டாள். சத்யா மைக்கைப் பார்த்தாள். அதை எடுத்தால் மறுபடி கடலாகத்தான் போகும். குனிந்தாள். வெட்டிய கழிவு கிடந்த பச்சையம்மாவின் அன்னக்கூடையில் கையை விட்டு, கொடுவாயின் குடலை நீளமாக, வழுக்க வழுக்க, அப்படியே உயர்த்திப் பிடித்தாள்.

"கடல் இல்லண்ணா! கொடலு! இது! கொடலூ!"

ஸ்பீக்கர் இல்லாமலே அது திருச்சி பஸ்ஸின் உள்ளே வரை போனது. கண்டக்டர் ஒரு விநாடி திருச்சியை மறந்தார்.

"கரண்ட் வந்துடுச்சு" என்றான் கார்த்தி.

வரிசையில் ஒருவர் "கொடலா?" என்றார். "கொடல்ல காவலா?" என்றார் இன்னொருவர். அப்புறம் எங்கிருந்து தொடங்கியது என்று தெரியாமல் சிரிப்பு கிளம்பி, வரிசையின் வால் வரை ஓடித் திரும்பியது. கிளியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு இறால் கூடையின் மேலேயே சாய்ந்துவிட்டாள். "அடிப் பாவி, கொடலுன்னு சொல்லித் தொலைக்கறதுதான? குடலாம் குடலு!" துளசிங்கம் மட்டும் சிரிக்காமல், மீசையைக் கடித்துக்கொண்டு நின்றான். சிரித்தால் தோற்றதாகிவிடும்.

"கொடலுக்கு எதுக்கும்மா காவலு?" என்று கேட்டான்.

நாக்கு ஒட்டப் போகிறது என்று சத்யா காத்திருந்தாள். ஒட்டவில்லை.

"இந்த நோவு வாய் வழியாத்தான்ணா வருது. தண்ணியில, அழுக்குக் கையில. வந்து எறங்கற எடம் கொடலு. ஊசி போட்டா ஊருக்குள்ள காவல் நிக்கும். சொட்டு மருந்து போட்டா கரையிலயே காவல் நிக்கும். கிருமி போட்டுலேர்ந்து எறங்கும்போதே புடிச்சுடும்."

"கரையிலயா" என்றான் துளசிங்கம். அது அவனுக்குப் புரிந்த இடம். "அப்ப ஒருவாட்டி நிறுத்துனா போதாதா? நின்ன காவல் எங்க போவுது?"

பச்சையம்மா வண்டிப் படியில் ஒரு கால் வைத்தபடி திரும்பிப் பார்த்தாள். அவள் கேள்வியும் அதுதானே.

"மருந்து போற அன்னைக்கே கரையெல்லாம் வேற போட்டுங்க ஏறி நின்னா, நம்ம போட்டு எங்கண்ணா ஏறும்? வயித்துப்போக்கு, வேற வேற கிருமி, இதெல்லாம் எடத்த அடைச்சுக்கும். மருந்து எறங்காமலே திரும்பிடும். அதுக்குத்தான் திரும்பத் திரும்பப் போடறது. ஒவ்வொரு வாட்டியும் எறங்கற எடத்துல காவல் கூடும். ஒருவாட்டி நல்லா மொகத்தப் பாத்துடுச்சுன்னா, அப்புறம் தூங்கினாக்கூட மறக்காது. அவன் வந்தா எழுந்துக்கும்."

"தூங்குனாலும் மறக்காது" என்று துளசிங்கம் சொல்லிப் பார்த்தான். பின்னாலிருந்து ஒருவர், "உனக்குக் கடன் குடுத்தவன் மாதிரி" என்றார். மறுபடி சிரிப்பு.

"அதெல்லாம் சொல்றதுதான்" என்று பச்சையம்மா முனகினாள். "போட்டவங்களுக்கும் வரல, போடாதவங்களுக்கும் வரல. யாருக்கு வந்துச்சாம்?"

"எனக்கு வந்துச்சுக்கா" என்றான் கார்த்தி. சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டே, விருந்துக்குக் கூப்பிடுகிற குரலில் சொன்னான். "எனக்கும் ஒருவாட்டி போட்டாங்க. அன்னைக்குன்னு பார்த்து வயித்தால போச்சு. எங்கம்மாவும் உங்கள மாதிரிதான், ஒருவாட்டி போட்டாச்சுன்னு வுட்டுட்டாங்க." ஊன்றுகோலால் தன் வலது காலை லேசாகத் தட்டிக் காட்டினான்.

பச்சையம்மா காலைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த தீனாவின் காலையும் பார்த்தாள். தண்டை போட்ட அந்தக் கொழுத்த கால் அவள் வயிற்றை உதைத்துக்கொண்டிருந்தது. படியிலிருந்து இறங்கினாள். நேரே மேசைக்கு வந்தாள்.

"ஊத்து."

"மொதல்ல நீ கைய கழுவுடி!" என்று சிஸ்டர் சத்யாவைப் பார்த்து அலறினார். அவள் கையில் இன்னும் கொடுவாயின் குடல் தொங்கிக்கொண்டிருந்தது.

கழுவினாள். சோப்புப் போட்டு, சிஸ்டர் முகர்ந்து பார்த்துச் சரி என்று சொல்கிறவரை கழுவினாள். மருந்துக் குப்பியை வாங்கினாள். தீனா வாயை மூடிக்கொண்டான்.

எப்படி மூடினான் என்றால், உதடே இல்லாத குழந்தை மாதிரி மூடினான். தாடையைப் பிடித்தால் தலையைத் திருப்பினான். "ஆ சொல்லு கண்ணு" என்றால் மூக்கு வழியாக "ம்ம்ம்" என்றான். சிஸ்டர் பலூன் காட்டினார், அருவாமனையைக்கூடக் காட்டிப் பார்த்தாள் பச்சையம்மா. ஒன்றும் நடக்கவில்லை. சத்யாவின் விரலுக்கிடையே குப்பி வியர்த்தது.

துளசிங்கம் மகனை ஒரு பார்வை பார்த்தான். பிறகு வரிசைப் பக்கம் திரும்பினான்.

"டேய், எல்லாம் வாயத் தொறங்கடா!"

"நமக்குத்தான் கெடையாதே?"

"தொறன்னா தொற!"

மீசைக்காரர்கள் அத்தனை பேரும் அண்ணாந்து வாயைத் திறந்தார்கள். வெற்றிலை வாய், தங்கப்பல் வாய், பல்லே இல்லாத வாய், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து "ஆஆஆ" என்றன. திருச்சி பஸ்ஸின் ஜன்னலில் இருந்தவர்களும் எதற்கென்று தெரியாமல் வாயைத் திறந்தார்கள். தீனா ஒவ்வொரு வாயாகப் பார்த்தான். அப்பாவின் வாயைக் கடைசியாகப் பார்த்தான். அவனால் தாங்க முடியவில்லை. வயிறு குலுங்க, கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தான்.

ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

சிரிப்பு பாதியில் நின்று, அவன் நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தான். விழுங்கிவிட்டான்.

அப்புறம் ஒரே கூத்து. சுண்டுவிரலில் மை வைத்ததும் அந்த விரலை ஒவ்வொரு சித்தப்பனிடமும் கொண்டுபோய்க் காட்டினான். மருந்துதான் இல்லை, மையாவது வை என்று துளசிங்கம் விரலை நீட்டிக்கொண்டு நின்றான். சிஸ்டர் அதற்கு மட்டும் அசையவில்லை. ஒதுங்கி நின்ற அம்மாக்கள் திரும்ப வந்து வரிசையில் சேர்ந்தார்கள். வேடிக்கை பார்க்க பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் குழந்தை வைத்திருந்தவர்களும் வந்தார்கள். கண்டக்டர் விசில் ஊத ஊத ஒருத்தி பஸ் படியிலிருந்தே குழந்தையை நீட்டினாள்.

சத்யா மைக்கை மறுபடி கையில் எடுத்தாள். இந்தத் தடவை பெட்டிக்குப் பின்னால் போகவில்லை. "ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு" என்று முதலிலேயே சொல்லிவிட்டு, "கொடலில் காவல்!" என்றாள். "கொ! கொ!" என்று கிளியம்மாள் கூடையருகிலிருந்து எடுத்துக்கொடுத்தாள்.

ஐஸ் வண்டி கிளம்பும்போது பச்சையம்மா முன்சீட்டில் தீனாவோடு ஏறிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, சத்தத்துக்கு மேல் சத்தமாகக் கேட்டாள்.

"தா பொண்ணு! அடுத்த வாட்டி எப்போ?"